கொசுறு கேட்கத் தெரிந்தவர்களுக்கு: சென்னையில் பலகையில் எழுதாத சலுகைகள், முழு வழிகாட்டி

காய்கறி வாங்கி முடித்த பிறகு "கொஞ்சம் கருவேப்பிலை போடுக்கா" என்று கேட்போமே, அதுதான் கொசுறு. அதே கருவேப்பிலையை சூப்பர் மார்க்கெட்டில் உறையில் போட்டு விலை ஒட்டி வைத்திருப்பார்கள். சென்னையில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இந்த ரகம்தான். கேட்பவருக்கு உண்டு. கேட்காதவர் பலகையில் எழுதியிருக்கும் விலையைக் கொடுத்துவிட்டுப் போகலாம், யாரும் தடுக்கப்போவதில்லை.

நான் இதையெல்லாம் கற்றுக்கொண்டது திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில். கல்யாணமாகாத ஆண்கள் அடைந்து கிடப்பதால் அந்த மேன்ஷன்களுக்குச் 'சேவல் பண்ணை' என்று பெயர். மாதக் கடைசியில் பண்ணையே ஒன்றுகூடி, எங்கே எத்தனை மணிக்குப் போனால் என்ன மிச்சமாகும் என்று பேசும். அந்தப் பேச்சின் சாரத்தையும், பிறகு குடும்பஸ்தனாகி நானே கண்டுபிடித்ததையும் வரிசையாகத் தருகிறேன். வரிசை முக்கியம். கடையின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்னால் கடிகாரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் படி: நேரத்தைப் பிடியுங்கள்

ஒரே பொருள், ஒரே கடை, காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை. கோயம்பேட்டில் இதைக் கண்ணால் பார்க்கலாம். கொத்தவால்சாவடியில் இருந்த மொத்த வியாபாரம் 1996-இல் கோயம்பேட்டுக்கு மாறியது. லாரிகள் இரவிலேயே வந்துவிடும். விடிவதற்குள் சில்லறைக் கடைக்காரர்களும் தள்ளுவண்டிக்காரர்களும் மூட்டையாக வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நேரத்தில் நீங்கள் இரண்டு கிலோ தக்காளி கேட்டு நின்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், மூட்டை தூக்குபவரின் திட்டுதான் கிடைக்கும். பத்து, பதினொரு மணி வாக்கில் போங்கள். மீந்ததை வீட்டுக்குத் திரும்புவதற்குள் தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் வியாபாரிக்கு அப்போது வந்திருக்கும். கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறை எடுக்கும்போது அடியில் இருக்கும் காயைப் பாருங்கள், மேலே இருப்பது முகப்பூச்சு. கீரையும் கொத்தமல்லியும் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பதினொரு மணிக் கொத்தமல்லி உங்கள் வீட்டுக்கு வந்துசேரும்போது வாடியிருக்கும்.

மீனுக்குக் கடிகாரத்தோடு நாள்காட்டியும் வேண்டும். காசிமேட்டில் ஏலம் விடிவதற்கு முன்பே நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அங்கே போவது வேடிக்கை பார்க்க நல்லது, வாங்கக் கெட்டது. வார நாளில் ஆறு மணிக்குள் போய், ஏலம் எடுத்தவர்களிடம் பங்கு கேட்பதுதான் வழி. தனியாகப் போனால் ஒரு கூடை உங்களுக்கு அதிகம். பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது வஞ்சிரத்தின் விலையைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதுதான். ஆனால் நாட்டுப்படகுகளும் ஃபைபர் படகுகளும் கடலுக்குப் போகும். அந்த இரண்டு மாதம் மெரினா லூப் ரோட்டில், நொச்சிக்குப்பத்தில் 2024-இல் திறந்த மீன் அங்காடிப் பக்கம் போய், அன்று கரைக்கு வந்த சின்ன மீன்களை வாங்குங்கள். சங்கரா, காரப்பொடி, மத்தி எதுவானாலும் அன்றைய கடல் கொடுத்ததுதான், ஐஸ் பெட்டியில் பத்து நாள் தூங்கியது இல்லை.

இன்னொரு ரகசியம் புரட்டாசி. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை ஊரில் பாதிப்பேர் கவுச்சி தொடுவதில்லை. தொடுகிறவர்களுக்கு அது அறுவடைக் காலம். மீன், கறிக் கடைகளில் கூட்டம் இருக்காது, விலை இறங்கும், வெட்டித் தருபவரும் நிதானமாக, கேட்ட மாதிரி வெட்டித் தருவார். எங்கள் வீட்டில் அம்மா புரட்டாசி பிடிப்பார், நான் பிடிப்பதில்லை. அந்த மாதம் சமையலறையில் நடப்பதை இங்கே எழுத முடியாது.

வெள்ளிக்கிழமை என்றால் பல்லாவரம். பழைய டிரங்க் ரோட்டில் வாரம் ஒருநாள் கூடும் சந்தை. ஒருகாலத்தில் மாட்டுச் சந்தை. இப்போது செடி, புறா, மீன் தொட்டி, பழைய நாற்காலி, துருப்பிடித்த ஸ்பேனர் செட், யாரோ இறந்துபோன தாத்தாவின் டைப்ரைட்டர் எல்லாம் தார்ப்பாயில் பரப்பியிருக்கும். புறநகர் ரயிலில் பல்லாவரம் இறங்கி நடந்தே போய்விடலாம்.

இங்கே போணி என்ற சொல்லின் பலம் தெரிய வேண்டும். காலையில் முதல் வியாபாரத்தைக் கைநழுவ விட எந்த வியாபாரிக்கும் மனசு வராது. ஏழரை, எட்டு மணிக்குப் போய் "அண்ணே, போணி பண்றேன், கடைசி விலை சொல்லுங்க" என்றால் விலை சட்டென்று இறங்கும். ஒரு நிபந்தனை: போணி நேரத்தில் விலை பேசிவிட்டு வாங்காமல் போகக்கூடாது. அது சட்டமில்லை, ஆனால் அப்படிப் போனவர்களின் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படும் வார்த்தைகளை நான் கேட்டிருக்கிறேன். மின்சாரப் பொருளை ஓட்டிக் காட்ட வசதியில்லாத கடையில் வாங்காதீர்கள். நான் ஒரு முறை டேபிள் ஃபேன் வாங்கினேன். இறக்கையைக் கையால் சுற்றிக் காட்டினார், அழகாகச் சுற்றியது. வீட்டிலும் கையால் சுற்றினால் இன்றுவரை அழகாகச் சுற்றுகிறது.

இரண்டாம் படி: போக்குவரத்துச் செலவைச் சுருக்குங்கள்

ஐம்பது ரூபாய் மிச்சம் பிடிக்க இருநூறு ரூபாய் ஆட்டோவில் போகிறவர்களை எனக்குத் தெரியும். புறநகர் ரயிலில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாய். காசு கொடுத்துப் போவதென்றால் நகரத்தில் இதைவிட மலிவான பயணம் கிடையாது. பீச்–தாம்பரம், பீச்–வேளச்சேரி இரண்டு தடத்தையும் மனப்பாடம் செய்துகொண்டால் இந்த வழிகாட்டியில் பாதியைச் சுற்றிவிடலாம். மாநகரப் பேருந்தில் 1,000 ரூபாய் மாதப் பாஸ் உண்டு, ஏசி பஸ்ஸும் வேண்டுமென்றால் 2,000 ரூபாய் பாஸ். 60 வயது தாண்டிய சென்னைவாசிகளுக்கு மாதம் 10 இலவசப் பயண டோக்கன் தருகிறார்கள். அப்பா அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள், பல வீடுகளில் இது இன்னும் தெரியவில்லை. பெண்களுக்குச் சாதாரணக் கட்டணப் பேருந்து 2021 மே மாதத்திலிருந்து இலவசம். மெட்ரோவில் கவுன்டரில் நின்று டிக்கெட் எடுப்பதைவிட க்யூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் குறைவு.

மூன்றாம் படி: பாரிமுனையில் தெருவைத் தேர்ந்தெடுங்கள், கடையை அல்ல

தி. நகரில் கடைகளுக்குப் பெயர் உண்டு. பாரிமுனையில் தெருக்களுக்குத்தான் பெயர். கல்யாணப் பத்திரிகை, காகிதம், டைரி என்றால் ஆண்டர்சன் தெரு. துணி மொத்தமாக என்றால் கொடவுன் தெரு. பரிசுப் பொருள், வெளிநாட்டு ஃபேன்ஸி சாமான் என்றால் காசிச்செட்டித் தெரு. கண்ணாடி, அலங்காரப் பொருள் என்றால் தேவராஜ முதலித் தெரு. நாட்டு மருந்துச் சரக்கு என்றால் ராசப்பச் செட்டித் தெரு. தெருவுக்குள் நுழைந்துவிட்டால் எந்தக் கடை என்பது இரண்டாம் பட்சம், ஏனென்றால் பக்கத்துக் கடைக்காரரின் விலை எல்லாருக்கும் தெரியும்.

போகும் நாளைச் சரியாகப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மொத்தக் கடைகள் மூடியிருக்கும். திங்கள் காலை வெளியூர் வியாபாரிகள் வந்து குவிந்திருப்பார்கள். செவ்வாய் முதல் வியாழன் வரை, பதினோரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள் போனால் மூச்சு விட இடமிருக்கும். மண்ணடியிலோ உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலோ இறங்கி நடங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு என் அனுதாபங்கள்.

கடையில் ஏறியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல. "மினிமம் எத்தனை எடுக்கணும்?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் நீங்கள் தெருவுக்குப் புதிது இல்லை என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒரு டஜன், ஒரு பாக்கெட், ஒரு கட்டு என்பார். ஒரு டஜன் உங்களுக்கு அதிகம் என்றால் நண்பர்களோடு பங்கு போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்பில் ஏழு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒன்றாக நோட்டு வாங்குகிறோம், மே மாதக் கடைசியில் இரண்டு பேர் போய்வருவோம். அடுத்து, சொன்ன விலை வரியோடு சேர்த்தா, சேர்க்காமலா என்று கேளுங்கள். பில் போடும்போது அந்த விஷயம் திடீரென்று முளைக்கும்.

ஒரு முறை பிறந்தநாள் விழாவுக்குப் பரிசுப் பை வாங்கப் போய், மேலே காட்டிய மாதிரியும் மூட்டைக்குள் கட்டியிருந்ததும் வேறு வேறு என்று வீட்டில் வந்துதான் பார்த்தேன். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார். மொத்த விலையில் வாங்கும்போது மாற்றித் தரும் பழக்கம் இல்லை. அதனால் கட்டை அங்கேயே பிரித்து எண்ணுங்கள். கூச்சப்படாதீர்கள், மொத்த வியாபாரிகள் எல்லோருமே எண்ணித்தான் வாங்குகிறார்கள்.

தி. நகருக்கு மாற்றாகப் புடவை, ரெடிமேட் எடுக்க வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு இருக்கிறது. வடசென்னைக்காரர்கள் முகூர்த்தத்துக்கு எடுப்பது அங்கேதான். தென்சென்னைக்காரர்கள் ரங்கநாதன் தெருவில் மிதிபடுவதைப் பார்த்து அவர்கள் சிரிப்பார்கள்.

நான்காம் படி: மெனு கார்டில் இல்லாத சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

ராத்திரி பரோட்டாக் கடையில் பலகையைப் பார்த்து ஆம்லெட் சொன்னேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் பலகைப் பக்கம் திரும்பவேயில்லை. "அண்ணே, ஒரு கலக்கி, மிளகு தூக்கலா" என்றார். வந்ததைப் பார்த்தபோதுதான் நான் இத்தனை வருஷம் என்ன இழந்திருக்கிறேன் என்று தெரிந்தது. கலக்கி என்பது முட்டையைச் சால்னாவோடு அடித்துக் கல்லில் ஊற்றி, முழுக்க வேகுமுன் மடித்து எடுப்பது. உள்ளே தளதளவென்று இருக்கும். கொங்குப் பக்கத்திலிருந்தும் தென் மாவட்டங்களிலிருந்தும் மாஸ்டர்களோடு வந்த சொல். கரண்டி ஆம்லெட்டும் அப்படித்தான், குழிக்கரண்டியில் ஊற்றித் தணலில் வேகவைப்பது. பலகையில் இல்லாவிட்டாலும் மாஸ்டருக்குத் தெரிந்திருக்கும். கேட்க வேண்டியது மாஸ்டரிடம், கல்லாவில் அல்ல. கல்லாவில் கேட்டால் "இல்லை" என்பதுதான் முதல் பதில்.

அதே கல்லில் வீச்சு பரோட்டா உண்டு. மாவை வீசி மெல்லிசாக்கி மடித்துப் போடுவது, எண்ணெய் குறைவு. அதில் முட்டையை ஊற்றினால் முட்டை வீச்சு. கூட்டம் ஏறுவதற்கு முன், ஏழு மணி வாக்கில் கேட்டால் சந்தோஷமாகப் போடுவார். ஒன்பது மணிக்குக் கேட்டால் நியாயமாகவே முறைப்பார்.

பிரியாணிக் கடையில் குஸ்கா என்ற சொல் பர்ஸைக் காப்பாற்றும். அதே தம் சோறு, கறித்துண்டு மட்டும் கிடையாது. சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் தனியாக அரை பிளேட் வாங்கிச் சேர்த்துக்கொண்டால் எனக்கு அது முழு பிரியாணியைவிடப் பிடிக்கும். "பாய், கொஞ்சம் அடியிலிருந்து போடுங்க" என்று கேளுங்கள், மசாலா அங்கேதான் இறங்கியிருக்கும். கத்திரிக்காய் தொக்கும் வெங்காயப் பச்சடியும் இரண்டாம் முறை கேட்டால் தருவார்கள். தம் பிரிக்கும் நேரத்தை விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த அரை மணிக்குள் சாப்பிடும் பிரியாணியும் மூன்று மணிக்குச் சாப்பிடுவதும் பெயரில் மட்டும்தான் ஒன்று.

சைவ ஓட்டலில் 'ஒன் பை டூ' காபி, 'டிகாக்‌ஷன் தூக்கலா, சர்க்கரை தனியா' எல்லாம் பழைய சங்கதி. அதிகம் பேர் கவனிக்காதது பார்சல் சாப்பாடு. உட்கார்ந்து சாப்பிடும் அளவுச் சாப்பாட்டைவிடப் பார்சலில் சோறு கூடுதலாக வைப்பது பல ஓட்டல்களின் வழக்கம். வீட்டில் ஒரு பொரியல் செய்துகொண்டால் ஒரு பார்சலை இரண்டு பேர் சாப்பிடலாம். பெரிய ரெஸ்டாரண்டுகளில் பில்லில் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். அதைக் கட்டாயமாக வசூலிக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. ஜிஎஸ்டி வேறு, இது வேறு. பரிமாறியவருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமென்றால் அவர் கையில் கொடுங்கள்.

இனி இடங்கள். திருவல்லிக்கேணி ரத்னா கஃபே 1948-லிருந்து இருக்கிறது. அங்கே இட்லிக்குச் சாம்பார் தொட்டுக்கொள்கிறவர் புதியவர். இட்லி மூழ்கும்வரை ஊற்றச் சொல்லி, உடைத்து, ஊறவிட்டு, மறுபடி ஊற்றச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஊற்றலுக்குக் காசு கிடையாது. மயிலாப்பூரில் பொன்னம்பல வாத்தியார் தெருவின் ஜன்னல் கடை, பெயருக்கேற்ப ஒரு வீட்டு ஜன்னல்தான். தெருவில் நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், இருப்பதைக் கேட்டு வாங்க வேண்டும். கிழக்கு மாட வீதியில் காளத்தி கடை ரோஸ் மில்க்கை வெயில் ஏறியபின் குடிக்கவும். ராயர் மெஸ்ஸில் கெட்டிச் சட்னிக்காகவே போகிறவர்கள் இருக்கிறார்கள், தாமதமாகப் போனால் பொங்கல் தீர்ந்திருக்கும்.

சௌகார்பேட்டைக்கு மாலை ஆறு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் அது வெறும் வியாபாரத் தெரு. மின்ட் தெருவில் காகடா ராம்பிரசாத் கடையில் பாதாம் பாலும் ஜிலேபியும். அதே தெருவில் முறுக்கு சாண்ட்விச் கிடைக்கும். ரொட்டிக்குப் பதில் இரண்டு சின்ன முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, சட்னி. சென்னையும் மார்வாரும் சேர்ந்து பெற்ற பிள்ளை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் சீனா பாய் கடையில் நெய்ப்பொடி இட்லியும் ஊத்தப்பமும் மட்டும்தான். தோசை கேட்காதீர்கள்.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பீச் ஸ்டேஷன் எதிரே, செகண்ட் லைன் பீச்சின் அத்தோ வண்டிகள். பர்மாவிலிருந்து 1960-களில் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் திரும்பிய தமிழர்கள் கையோடு கொண்டுவந்த சாப்பாடு இது. அவர்களுக்காக 1969-இல் வந்த பர்மா பஜார் பக்கத்திலேயே இருக்கிறது. நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித் தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் கையால் பிசைந்து தருவார்கள். நான் சொல்ல வந்தது வாழைத்தண்டு சூப்பைப் பற்றி. பல வண்டிகளில் அத்தோவோடு சூப் சும்மா வரும், கிண்ணம் காலியானால் நீட்டினால் போதும். பலகையில் இருக்காது. கூடவே அவித்த முட்டையைக் கீறி வெங்காயம் வைத்த மசாலா முட்டை ஒன்று. பிசைந்தது ஒத்துக்கொள்ளாதவர்கள் "ஃப்ரை பண்ணிக் கொடுங்க" என்று சொல்லலாம், நான் தடுக்க மாட்டேன், மனசுக்குள் வருத்தப்படுவேன்.

ஐந்தாம் படி: அரசு கவுன்டர்களை மறக்காதீர்கள்

விளம்பரம் செய்யத் தெரியாத கடைக்காரர் ஒருவர் இந்த ஊரில் உண்டு, அரசாங்கம். எழும்பூர் பாந்தியன் சாலையில் தலைமையகம் வைத்திருக்கும் கோ-ஆப்டெக்ஸ் 1935-இல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு. தீபாவளியை ஒட்டி 30 சதவீதத் தள்ளுபடி எல்லாருக்கும் தெரியும். அவர்களுடைய 'கனவு நனவு திட்டம்' பலருக்குத் தெரியாது. மாதத் தவணை பத்து மாதம் நீங்கள் கட்டினால், பதினோராவது, பன்னிரண்டாவது தவணையை அவர்களே கட்டுகிறார்கள். சேர்ந்த தொகைக்குத் தள்ளுபடி விலையிலேயே துணி எடுக்கலாம். காஞ்சிபுரமோ ஆரணியோ எடுக்கும் எண்ணம் இருக்கிறவர்கள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னாலேயே இதில் சேர்ந்துவிட வேண்டும். கதர் எடுப்பவர்கள் அக்டோபர் 2 வரை பொறுத்திருங்கள், அன்று தள்ளுபடி தொடங்கும்.

ஆவின் மாதாந்திர அட்டை வைத்திருக்கிறீர்களா? அட்டைதாரருக்கு விலை குறைவு. 2022 நவம்பரில் ஆரஞ்சு நிறப் பாக்கெட் லிட்டர் 48-லிருந்து 60 ரூபாய்க்கு ஏறியபோது, அட்டைதாரர்கள் 46 ரூபாய்க்கே வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரே பால், ஒரே பூத், லிட்டருக்கு 14 ரூபாய் வித்தியாசம்.

அம்மா உணவகம் 2013-இல் வந்தது. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5, சாம்பார் சாதம் 5, தயிர் சாதம் 3, மாலையில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். நன்றாக இருக்கும் கிளையும் உண்டு, சுமாரான கிளையும் உண்டு. பெரிய அரசு மருத்துவமனை வளாகங்களில் இருப்பவற்றில் சாப்பாடு சீக்கிரம் தீர்ந்து மறுபடி வருவதால் சூடாக இருக்கும் என்பது என் அனுபவம். புழல் சிறை அங்காடியில் கைதிகள் செய்த பிஸ்கட், ரொட்டி, சட்டை, சோப்பு கிடைக்கும், அந்தப் பக்கம் போனால் ஒரு முறை நிறுத்துங்கள். வீட்டில் நாய், பூனை இருந்தால் வேப்பேரியில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 1903-இல் தொடங்கிய கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு, பேராசிரியர்களே பார்க்கிறார்கள். காத்திருக்கத்தான் வேண்டும், காலை சீக்கிரம் சீட்டு வாங்கிவிடுங்கள். மனிதர்களுக்குத் தினசரி மாத்திரைச் செலவு அதிகம் என்றால் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களையும் மக்கள் மருந்தகங்களையும் பாருங்கள். மாத்திரையின் மூலப்பெயரை டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவது நல்லது, பிராண்டு பெயரை வைத்து அங்கே தேடினால் அலைச்சல்தான்.

ஆறாம் படி: புத்தகத்துக்கு

மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்த பிறகு பழைய புத்தகக்காரர்கள் சென்ட்ரல் அருகே அல்லிக்குளம் வளாகத்துக்குப் போனார்கள். மருத்துவம், பொறியியல் பாடப் புத்தகங்களுக்கு அங்கே போங்கள். தமிழ் இலக்கியம் தேடுகிறவர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையை மாலையில் பாருங்கள். தேடும் புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், சொன்னால் விலை ஏறும். நான்கு புத்தகத்தை எடுத்து, நடுவில் அதை வைத்து, மொத்தமாக விலை கேளுங்கள்.

ஜனவரி புத்தகக் காட்சியில் எல்லா அரங்கிலும் 10 சதவீதத் தள்ளுபடி. நந்தனத்தில் நடக்கும்போது வாசலுக்கு வெளியே நடைபாதையில் பழைய புத்தகக்காரர்களும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். நான் முதலில் வெளியே முடித்துக்கொண்டுதான் உள்ளே போவேன். வாங்கவே வேண்டாம் என்றால் எழும்பூர் கன்னிமாரா, 1896-இல் திறந்தது. இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதி இருக்கிறது. காசில்லாமல் ஏசியில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்க இதைவிட நல்ல இடத்தை நான் பார்த்ததில்லை. தேர்வுக் காலத்தில் இடம் பிடிக்கக் காலையிலேயே போக வேண்டும். தரமணி ரோஜா முத்தையா நூலகம் பழைய பத்திரிகைகளைத் தேடுகிறவர்களுக்கு.

ஏழாம் படி: காசில்லாத மாலைகள், சில காலைகள்

மார்கழியில் மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்று புலம்புகிறவர்கள் மதியம் போகலாமே. பல சபாக்களில் பகல் கச்சேரிகள் இலவசம். இன்று மதியம் ஒன்றரை மணிக்குப் பத்துப் பேர் முன்னால் பாடும் பெண், ஐந்து வருஷம் கழித்து மாலை மேடையில் இருப்பாள். அப்போது டிக்கெட் வாங்கிக் கேட்க வேண்டும். மியூசிக் அகாடமியில் காலை எட்டு மணி விரிவுரைகளுக்கும் டிக்கெட் இல்லை. கேன்டீனுக்குள் போகக் கச்சேரி டிக்கெட் கேட்க மாட்டார்கள். ராகம் தெரியாமல் வாழைப்பூ வடைக்காகவே சபா சபாவாகச் சுற்றும் ஒரு கூட்டம் இருக்கிறது, நானும் அதில் உறுப்பினர். மூன்று மணி டிபனுக்கு இரண்டே முக்காலுக்கு நில்லுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை வெள்ளி, சனி இரவுகளில் மாணவர்கள் நடத்தும் ஆமை நடை. 1988-லிருந்து நீலாங்கரை, பெசன்ட் நகர் கடற்கரையில் பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடிப் பாதுகாத்து வருகிறார்கள். பொதுமக்களும் பதிவு செய்துகொண்டு கூட நடக்கலாம். விடிய விடிய மணலில் ஏழெட்டு கிலோமீட்டர், டார்ச் அடிக்கக் கூடாது, ஆமை வராமலும் போகலாம். நான் மூன்று முறை போய் ஒரு முறைதான் பார்த்தேன். ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை ஒட்டி அந்த மாதம் முழுக்க மரபு நடைகள் நடக்கும், பல இலவசம்.

ஒத்திகைக்கு ஒரு வெள்ளிக்கிழமை

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்ய முடியாது. ஒரு வெள்ளிக்கிழமை லீவு போடுங்கள். ஏழரை மணிக்குப் பல்லாவரத்தில் இறங்கி, போணி சொல்லி ஒரு செடித் தொட்டியோ ஒரு ஸ்பேனரோ வாங்குங்கள். கனமானது வேண்டாம், நாள் முழுக்கச் சுமக்க வேண்டும். பத்தரைக்கு மின்சார ரயில் ஏறி எழும்பூரில் இறங்கினால் கோ-ஆப்டெக்ஸும் கன்னிமாராவும் ஒரே சாலையில். அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை, ஏமாறாதீர்கள். மதியம் குஸ்கா. மூன்று மணிக்கு ஆண்டர்சன் தெருப் பக்கம், கூட்டம் இருந்தால் வேடிக்கை மட்டும். ஆறு மணிக்கு மின்ட் தெருவில் ஒரு முறுக்கு சாண்ட்விச், ஒன்றே ஒன்று. ஏழு மணிக்கு பீச் ஸ்டேஷன் எதிரே அத்தோ வண்டியின் முன்னால் நில்லுங்கள். இரண்டாவது சூப்புக்குக் கிண்ணத்தை நீட்டும்போது, அக்கா கேட்காமலேயே கொஞ்சம் பொரித்த வெங்காயம் தூவுவார். செடித் தொட்டியைக் காலடியில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தாம்பரம் வண்டியில் அதற்கும் ஒரு சீட்டு பிடிக்க வேண்டியிருக்கும்.